பவித்ரா எனக்கு என்ன முறை?

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் இப்போதெல்லாம் 'கம்ப்யூட்டர் ரிப்பேர்' என்று சொல்லிவிடுகிறேன். அவர்களும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் தங்கள் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நானும் திறந்து பார்த்து, மை தீர்ந்துவிட்டது என்று சொல்லி, ஒரு காப்பி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். உண்மையைச் சொல்லிப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. அதனால் வந்த வினையைத்தான் எழுதப்போகிறேன். எழுதவே அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் இந்தக் கதையை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்லும் கதையில் நான் மயங்கி விழுகிறேன். நான் மயங்கவில்லை. உட்காரத்தான் போனேன். (அங்கே நாற்காலி இல்லை என்பது வேறு விஷயம்.)

முதலில் என் வேலை. ஒரு கணினிக்குத் தெரிந்ததை இன்னொரு கணினிக்குப் புரியவைப்பது. ஒரு கிளினிக்கின் கணினியில் 'இவருக்குக் கடல் உணவு ஒத்துக்கொள்ளாது' என்று ஒரே வரியாக எழுதியிருக்கும். இன்னொரு கிளினிக்கின் கணினியில் இறால், நண்டு, கணவாய் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். கடல் உணவு என்று ஒரு கட்டமே இருக்காது. ஒரு நாள் இரண்டாவது கிளினிக் முதல் கிளினிக்கை வாங்கிவிடும். இப்போது அந்த ஒரு வரியை எந்தக் கட்டத்தில் போடுவது? சொல்லுக்குச் சொல் மாற்றினால் நோயாளி நண்டு சாப்பிட்டுவிட்டு ஆம்புலன்ஸில் வருவார். அதனால் தர்க்கத்தை வைத்து மாற்றுவோம். நண்டு ஒரு கடல் உணவு. இவருக்குக் கடல் உணவு ஆகாது. ஆகவே இவருக்கு நண்டு ஆகாது. இப்படி 'இது இருந்தால் அது உண்டு' என்று விதிகளை எழுதிக் கொடுத்துவிட்டால், மிச்சத்தைக் கணினியே யோசித்துக்கொள்ளும். யாருமே எழுதி வைக்காத உண்மையைக்கூடக் கண்டுபிடித்துச் சொல்லும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை அந்த நாளில் நான் மிகுந்த பெருமையோடு சொல்லித் திரிந்தேன். இப்போது யாராவது அதைச் சொன்னால், எழுந்து யாருடைய பிரிண்டரையாவது திறந்து பார்க்கப் போய்விடுகிறேன்.

எங்கள் ஆபீஸ் பிரிக்பீல்ட்ஸில், ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பவித்ரா பக்கத்துக் கட்டடத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் வேலை பார்த்தாள். மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் இடம் கிடைக்காமல் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். பிறகு இடம் கிடைத்தாலும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். இதற்கு மேல் அந்தப் பகுதியை விவரிக்க எனக்கு அனுமதி இல்லை.

சிக்கல் அவளுடைய அப்பா. ஆறுமுகம் அங்கிள் ரயில் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, செந்தூலில் குடியிருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம், வராத ரயிலுக்காகக் காத்திருப்பவர்போல் முகத்தை வைத்துக்கொள்வார். முதல் சந்திப்பில் கால் மணி நேரம் என் வேலையை விளக்கினேன். கிளினிக், நண்டு, தர்க்கம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ரயில்னா ஓடும் தம்பி. நிக்கும். லேட்டாவும் வரும். எதுவா இருந்தாலும் கண்ணுல தெரியும். உங்க வேலை என்னான்னு எனக்குக் கண்ணுல தெரியலையே" என்றார்.

சம்மதம் என்னவோ கிடைத்துவிட்டது. பவித்ராவின் அம்மா லட்சுமி ஆன்டி வாங்கிக் கொடுத்த சம்மதம் அது. தட்டு மாற்றி உறுதி செய்ய நாளும் குறித்தாகிவிட்டது. நான் செய்யவேண்டியது ஒன்றுதான்: நல்ல சட்டை போட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. மனித குலத்தில் கோடிக்கணக்கான மாப்பிள்ளைகள் இதை வெற்றிகரமாகச் செய்து முடித்திருக்கிறார்கள்.

எனக்கு அது போதவில்லை. என் வேலையை அங்கிளின் கண்ணுக்குக் காட்டியே தீரவேண்டும் என்று தோன்றியது.

பவித்ரா தன் குடும்பத்தின் உறவுகளை ஓர் இணையத்தளத்தில் ஆங்கிலத்தில் ஏற்றி வைத்திருந்தாள். அதில் எல்லா ஆண்களும் அங்கிள். எல்லாப் பெண்களும் ஆன்டி. அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் கசின். என் பக்கத்து உறவுகளோ என் பெரியம்மாவின் வாயில் இருந்தன. பெரியம்மா கிள்ளானில் தையல் கடை வைத்திருக்கிறார். முறை விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் உச்ச நீதிமன்றம். எந்தக் கல்யாணத்தில் யாரைக் காட்டினாலும், "இவ உனக்கு அக்கா முறை, எழுந்து நில்லு" என்று சொல்லிவிடுவார்.

இந்த இரண்டையும் சேர்த்து, ஆங்கில உறவைத் தமிழ் முறையாக மாற்றும் ஒரு நிரல் எழுதுவது என்று முடிவு செய்தேன். நண்டு வேலைதான் இதுவும். ஆங்கிலத்தில் ஓர் அங்கிள் இருக்கிறார். தமிழில் அவர் பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா? பெரியப்பா, சித்தப்பா என்றால் அவர் மகள் எனக்குச் சகோதரி. மாமா என்றால் அவர் மகளை நான் கட்டிக்கொள்ளலாம். ஒரே அங்கிள்தான், ஆனால் அவர் மகள் ஒரு பக்கம் அண்ணா என்று கூப்பிடுவாள், மறுபக்கம் மாலை போடுவாள். அந்த இணையத்தளத்துக்கு இந்தப் பதற்றமெல்லாம் தெரியாது.

விதிகளை எழுதினேன். அம்மாவின் தங்கை சின்னம்மா. சின்னம்மாவின் கணவர் சித்தப்பா. சித்தப்பாவுக்கு அண்ணன் முறையாகிறவர் எனக்குப் பெரியப்பா. பெரியப்பாவின் மகள், என்னைவிட இளையவள் என்றால், தங்கை. அக்கா தங்கைகளின் மகன்கள் ஒருவருக்கொருவர் அண்ணன் தம்பி. இரண்டு பக்கத்திலும் ஒரே பெயரில், அதே கணவர் பெயருடன், அதே ஊரில் ஒருவர் இருந்தால், அவர் ஒரே ஆள். கடைசியாக, மிகவும் கவனமாக, ஒரு பாதுகாப்பு விதி: ஒரே பெண் ஒருவனுக்குத் தங்கையாகவும் முறைப்பெண்ணாகவும் இருக்க முடியாது.

ஆபீஸில் இதையே செய்துவிட்டு வந்து வீட்டிலும் இதையே செய்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. "வேணாம்லா குணா. பேசாம ஒரு கேக் வாங்கிட்டு வா, போதும்" என்றாள் பவித்ரா. கேக்கை யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம் என்று பதில் சொன்னேன். (அந்தப் பதிலை அவள் இன்னும் வைத்திருக்கிறாள். வருடா வருடம் என் பிறந்தநாளுக்கு வெளியே எடுப்பாள்.)

நிரலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, 'ஏன்?' என்ற பொத்தான். கணினி ஓர் உறவைச் சொன்னதும் அதை அழுத்தினால், எப்படி அந்த முடிவுக்கு வந்தது என்று வரி வரியாக விளக்கும். அங்கிள் கேள்வி கேட்கிற ஆள் என்பதால், அவருக்காகவே எழுத்தைப் பெரிதாக வைத்தேன்.

நாள் வந்தது. ஆறுமுகம் அங்கிளின் அம்மா வழி விவரங்கள் மட்டும் கடைசிவரைக்கும் வரவில்லை. அவர் அதைப் பற்றிப் பேசவே விரும்பமாட்டார் என்று பவித்ரா சொல்லியிருந்தாள். அன்று காலையில் எப்படியோ கேட்டு வாங்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கிள்ளானிலிருந்து செந்தூலுக்குப் போகிற வழியில், கூட்டரசு நெடுஞ்சாலை டிராஃபிக் ஜேமில் காடி, அதாவது கார், நின்றுகொண்டிருந்தபோது, மடிக்கணினியைத் திறந்து அதை ஏற்றினேன். சோதித்துப் பார்க்கவில்லை. காடியை ஓட்டிக்கொண்டிருந்தவர் என் மாரிமுத்து சித்தப்பா. என் அம்மாவின் தங்கை சரோஜா சின்னம்மாவின் கணவர்.

"இந்த நேரத்துல என்னாடா தட்டிக்கிட்டிருக்க?" என்றார் சித்தப்பா.

"கடைசி டேட்டா சித்தப்பா. இது மட்டும் ஏறிட்டா முழுசா முடிஞ்சிரும்."

முழுசாகத்தான் முடிந்தது.

செந்தூல் வீட்டுக் கூடத்தில் தட்டுகளை வரிசையாக வைத்தோம். ஒரு பக்கம் மாப்பிள்ளை வீடு, எதிர்ப்பக்கம் பெண் வீடு. வரவேற்பெல்லாம் முடிந்ததும், தட்டு மாற்றுவதற்கு முன்னால் சின்னதாக ஒன்று காட்டுகிறேன் என்று சொல்லி, மடிக்கணினியை டிவியில் பொருத்தினேன். லட்சுமி ஆன்டி அடுக்களையில் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறை வாசலில் பட்டுப்புடவையோடு நின்ற பவித்ரா என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தாள். வேண்டாம் என்று அர்த்தம். வெட்கம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆரம்பம் அமர்க்களமாக இருந்தது. யார் பெயரைத் தட்டினாலும், அவருக்கு மற்றவர் என்ன முறை என்று டிவி சொன்னது. பெரியம்மா ஒவ்வொன்றாகக் கேட்டுச் சோதித்தார். "சரியா சொல்லுதுடா!" என்றார். ஆறுமுகம் அங்கிள்கூட நாற்காலியில் கொஞ்சம் முன்னால் வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் ரயில் வரும் சத்தம் கேட்டுவிட்டது. என் வாழ்க்கையின் மிக நல்ல இருபது நிமிடங்கள் அவை.

கடைசியாக என் பெயரையும் பவித்ராவின் பெயரையும் தட்டினேன். 'உறவு இல்லை' என்று வரும் என்பது என் கணக்கு. உடனே நான் 'திருமணம்' என்ற பொத்தானை அழுத்துவேன், இரண்டு குடும்பமும் ஒன்றாகி, எல்லாருக்கும் புது முறைகள் தோன்றும், சிவப்பு இதயங்கள் மழையாகக் கொட்டும். எந்தப் பதில் வந்தாலும் இதயங்கள் கொட்டும்படி எழுதித் தொலைத்திருந்தேன்.

கணினி சற்று நேரம் யோசித்தது. பிறகு இதயங்கள் கொட்டின. அவற்றுக்கு நடுவே பெரிய எழுத்தில் வந்தது:

பவித்ரா: தங்கை.



"என்ன தம்பி இது?" என்றார் அங்கிள்.

"சின்னத் தப்பு அங்கிள். இப்பப் பாருங்க" என்று சொல்லி, பதற்றத்தில் என் விரல் தானாகவே போய் 'ஏன்?' பொத்தானை அழுத்தியது. அடக்கமாக ஒரு மூலையில் தவறு செய்துவிட்டுப் போகும் நிரலை நான் எழுதியிருக்கவில்லை. செய்ததைச் சபை நடுவே நிரூபிக்கும் நிரலை எழுதியிருந்தேன்.

பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சத்தம் போட்டு வாசித்தார்.

"ஜெஞ்சாரோம் ஊர் காத்தமுத்து மனைவி ராமாயி, ரெண்டு பக்கமும் ஒரே ஆள். ராமாயிக்கு ரெண்டு மகள், பச்சையம்மா, அஞ்சலை. பச்சையம்மா மகன் ஆறுமுகம். அஞ்சலை மகன் மாரிமுத்து." அவர் குரல் மெதுவானது. "அக்கா தங்கச்சி பிள்ளைங்க. அப்போ ஆறுமுகமும் மாரிமுத்தும் அண்ணன் தம்பி. மாரிமுத்து குணாவுக்குச் சித்தப்பா. அப்போ ஆறுமுகம் பெரியப்பா. பெரியப்பா மக..."

மீதியை வாசிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கணினி சொன்னதில் ஒரு வரிகூடத் தப்பில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. நான் உட்காரப் போனது அப்போதுதான்.

நான் தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தபோது, என்னை யாரும் கவனிக்கவில்லை. சித்தப்பாவும் ஆறுமுகம் அங்கிளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை இரண்டு பேரும் செந்தூலில் பார்க்கிங் கிடைக்காததைப் பற்றி மட்டும்தான் பேசியிருந்தார்கள்.

"உங்கம்மா பேரு அஞ்சலையா?" என்றார் அங்கிள்.

"ஆமாண்ணே. உங்கம்மாதான் எங்க பெரியம்மாவா? கல்யாணப் பந்தியில முதல் வரிசையில உட்காரவைக்கலன்னு கோவிச்சுக்கிட்டுப் போனவங்க?"

"அவங்கதான். எங்க வீட்டுல உங்கம்மா பேரைச் சொன்னா அன்னைக்குச் சோறு கிடைக்காது."

சித்தப்பா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வயதான ஆண்கள் இரண்டு பேர் அந்த இதய மழைக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உண்மையில் அழகான காட்சி. என் கல்யாணம் அவர்களுடைய காலடியில் செத்துக் கிடக்கவில்லை என்றால் நானும் ரசித்திருப்பேன்.

கைப்பேசி அதிர்ந்தது. பவித்ரா அறை வாசலில் இருந்தே அனுப்பியிருந்தாள். 'சரிபண்ணு. இல்லன்னா நான் வந்து டிவியை உடைப்பேன். அப்புறம் உன்னை.'

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். வெளியாட்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ரத்தத்தில் எனக்கும் பவித்ராவுக்கும் ஒரு சொட்டுத் தொடர்பும் இல்லை. அந்த ஆங்கில இணையத்தளத்தைக் கேட்டால், நாங்கள் யாரோ எவரோ என்றுதான் சொல்லும். ஆனால் எங்கள் ஆட்களிடம் தங்கை முறை என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் தெரிந்ததுதான். தெரியாமல் கட்டியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். நான் தெரியவைத்துவிட்டேன், பெரிய எழுத்தில்.

"தட்டை எடுத்து வைங்க" என்று எங்கள் பக்கம் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

அப்போதுதான் லட்சுமி ஆன்டி அடுக்களையிலிருந்து வந்தார். நடந்ததைச் சொன்னார்கள். அறுபது பேருக்குச் சாப்பாடு செய்து வைத்திருக்கும் ஒரு பெண்மணியின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"இதென்னா கூத்து? மாப்பிள்ளையோட அப்பா கூடப் பொறந்த தங்கச்சி கிள்ளான்ல இருக்காங்கல்ல? அவங்க வீட்டுக்காரரோட தம்பியை யாரு கட்டியிருக்கா? எங்க அக்கா! அந்த வழியில நான் மாப்பிள்ளைக்கு அத்தை. பவித்ரா அத்தை மக. அதைப் பார்த்துத்தானே நான் சரின்னே சொன்னேன்!"

எல்லாரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள். அவர் விரல்களை மடக்கினார், நீட்டினார்.

"அத்தை வீட்டுக்காரர் மாமா. அவர் தம்பியும் மாமா. அவர் பொண்டாட்டி அத்தை. அத்தையோட தங்கச்சியும் அத்தைதான். ஆமா, அதுவும் சரிதான்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அந்தத் தளத்தில் இப்படிச் சுற்றி வளைத்த சம்பந்தத்துக்கெல்லாம் இடமில்லாததால் இது நிரலுக்குள் வரவே இல்லை. ஓடிப்போய் அதைத் தட்டிச் சேர்த்தேன். முறைப்பெண் என்று வரப்போகிறது, இதயங்கள் சரியான இடத்தில் கொட்டப்போகின்றன என்று நினைத்தேன். களைத்துப்போன மூளை அப்படித்தான் நினைக்கும்.

பவித்ரா எனக்குத் தங்கையா என்று கேட்டேன். ஆம் என்றது. முறைப்பெண்ணா? அதற்கும் ஆம் என்றது.

தர்க்கத்தில் ஒரு பழைய ஆபத்து உண்டு. ஒரே விஷயத்துக்கு 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டுவிட்டால், அதற்குப் பிறகு எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம். அடைத்து வைத்த எல்லாக் கதவும் திறந்துவிடும். ஒரே பெண் இரண்டு முறையாகவும் இருக்க முடியாது என்று என் பாதுகாப்பு விதி சொன்னது. இரண்டு முறையாகவும் இருக்கிறாள் என்று உண்மைகள் சொல்லின. கணினிக்கு அதோடு புத்தி கலங்கிவிட்டது.

"நான் ஆறுமுகத்துக்கு மாமியாரான்னு கேளுடா" என்றார் பெரியம்மா, சந்தேகத்தோடு.

ஆம்.

"அவரு எனக்கு மாமியாரா?"

ஆம்.

கூடமே ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தது. சின்னம்மா, லட்சுமி ஆன்டிக்குப் பேத்தியானார். சித்தப்பா, பவித்ராவுக்குக் கொழுந்தனானார். அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த என் அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"நான் எனக்கே மருமகனான்னு கேளு."

ஆம் என்றது டிவி.

"நெனச்சேன்" என்றார் அப்பா. மறுபடியும் வாயை மூடிக்கொண்டார்.

ஆறுமுகம் அங்கிள் சிரித்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். "இப்பக் கண்ணுல தெரியுது தம்பி, உங்க வேலை" என்றார். நான் இத்தனை நாள் கண்விழித்து எதிர்பார்த்த வாக்கியம் அது. இப்படி வந்து சேர்ந்தது.

"சிரிச்சது போதும்" என்றார் பெரியம்மா. சிரிப்பு நின்றது. "மெஷின் உளறலாம். நாம உளற முடியாது. ரெண்டு வழியும் சரி. ஆனா ரெண்டையும் வச்சுக்கிட்டுத் தாலி கட்ட முடியாது. ஒரு வழிய விட்டாகணும். யாரு விடுறது?"

தங்கை வழி முழுவதும் ஒரே ஆளின் மேல்தான் நின்றது. சித்தப்பா எனக்குச் சித்தப்பாவாக இருக்கும்வரை, அங்கிள் எனக்குப் பெரியப்பா.

சித்தப்பாவுக்கும் அது புரிந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் அப்பா துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை பார்த்த காலத்தில், என்னை டியூஷனுக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர். அதே மோட்டாரை எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும், அதை நான் சாக்கடைக்குள் விட்டபோது அப்பாவிடம் தான்தான் விட்டதாகச் சொன்னவரும் அவர்தான்.

"நான் ஒத்தப் பிள்ளை. எனக்குன்னு ஒரு அண்ணன் தம்பி கிடையாது. இன்னைக்குத்தான் ஒருத்தர் கிடைச்சிருக்காரு. அவரை விட எனக்கு மனசு வரல. அதனால நான் பொண்ணு வீட்டுப் பக்கம் போயிடுறேன். பவித்ராவுக்கு நான் சித்தப்பன். குணா, இனிமே நீ என்னை மாமான்னு கூப்பிடு."

சொல்லிவிட்டு எங்கள் வரிசையில் இருந்த தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், ஆறுமுகம் அங்கிளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கூடத்தின் குறுக்கே நாலு எட்டு தூரம்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெண் கிடைத்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். பேச்சு வந்த நாளிலிருந்து சித்தப்பா என்று கூப்பிட்ட வாய் இது. எனக்காக அவர் எடுத்துக் கொடுத்தது அந்தச் சொல்லை. அதற்கு நான் ஒரு கேக் வாங்கிக்கொண்டு போயிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

"சரோஜா, நீயும் வா" என்று சின்னம்மாவைக் கூப்பிட்டார்.

சின்னம்மா நாற்காலியைவிட்டு அசையவில்லை. "நீங்க போறதுன்னா போங்க. எங்க அக்கா மகன் என்னை அத்தைன்னு கூப்பிடுறதுக்கா நான் அவனைத் தூக்கி வளர்த்தேன்? நான் மாப்பிள்ளை வீடு. சின்னம்மாதான். செத்தாலும் சின்னம்மாதான்!"

"ஏய், புருஷன் ஒரு பக்கம் பொண்டாட்டி ஒரு பக்கமா?"

"வீட்டுல மட்டும் என்னா வாழுது?" என்றார் சின்னம்மா.

பெரியம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மணியைப் பார்த்தார். பாயச வாசனையை முகர்ந்தார். "சரி, தட்டை மாத்துங்க" என்றார். தட்டு மாறியது. பவித்ரா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக டிவியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

கல்யாணம் கிள்ளானில் நன்றாகவே நடந்தது. பெண் வீட்டுச் சார்பில் முன்னால் நின்று எல்லாரையும் வரவேற்றவர் மாரிமுத்து மாமா. தன் அண்ணன் மகள் கல்யாணம் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மாப்பிள்ளை வீட்டு வரிசையில் நின்று, அவர் கொண்டுவந்த சீரைக் குறை சொன்னவர் சரோஜா சின்னம்மா. இரண்டு பேரும் ஒரே காடியில்தான் வந்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தப்பான நிலையில் ஒரு நிரலை விட்டுவைக்க என்னால் முடியாது; அது ஒரு வியாதி. சில வாரங்கள் கழித்து அதை மறுபடி திறந்தேன். 'சின்னம்மாவின் கணவர் சித்தப்பா' என்ற விதியை நிறுத்திவைத்து, மாரிமுத்து குணாவுக்கு மாமா என்று மாற்றினேன். சரோஜா சின்னம்மா என்பதை அப்படியே விட்டேன். பவித்ரா தங்கையா என்று கேட்டேன். இல்லை என்றது. முறைப்பெண்ணா? ஆம் என்றது. அப்பா அவருக்கே மருமகனா என்று கேட்டேன். இல்லை என்றது. நிம்மதியாக மூடப்போகும் நேரத்தில், கேட்காமலேயே ஒரு புது உண்மையைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு வரி வந்தது.

மாரிமுத்து, சரோஜா: அண்ணன், தங்கை.

'ஏன்?' என்று அழுத்தினேன். பணிவாக விளக்கியது. குணாவுக்கு மாமா என்றால் அவன் அம்மாவுக்குச் சகோதரன் முறை. குணாவுக்குச் சின்னம்மா என்றால் அவன் அம்மாவுக்குத் தங்கை. ஆகவே இவர்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள் முறை. நான் சரிபார்த்தேன். ஒரு வரிகூடத் தப்பில்லை. சிக்கலை நாங்கள் தீர்க்கவே இல்லை. என் தலையிலிருந்து எடுத்து அந்த இரண்டு பேர் தலையில் வைத்திருக்கிறோம்.

இதை வெளியே சொல்லக் கூடாது என்று முடிவு செய்து, பவித்ராவிடம் மட்டும் சொன்னேன். அவள் பெரியம்மாவிடம் மட்டும் சொன்னாள். பெரியம்மாவின் தையல் கடையில் துணி கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு போனார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அவர்கள் இருவரும் எதிரெதிர் வரிசையில்தான் உட்காருகிறார்கள். போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் ஏதோ ஒரு சின்ன விஷயத்துக்குச் சண்டை வந்து, சின்னம்மா மாமாவோடு காலையிலிருந்து பேசவில்லை. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். ஆட்டிறைச்சி மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தது. சின்னம்மாவுக்கு அது வேண்டும். கணவரைக் கூப்பிடவும் மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"அண்ணே, அந்தப் பாத்திரத்தை இப்படித் தள்ளுங்க" என்றார்.

மாமா நிமிர்ந்து, மேசையைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, பாத்திரத்தைத் தள்ளினார்.

"இந்தாம்மா தங்கச்சி. வீட்டுக்கு எப்படிப் போறதா உத்தேசம்? காடிச் சாவி பொண்ணு வீட்டுக்காரன்கிட்டதான் இருக்கு."